முகூர்த்தம் இல்லாத மாதம்

மார்கழியில் யாரும் தாலி கட்டுவதில்லை.
அதனால்தான் எனக்குப் பறவைகள்.
(ஆடியிலும் கட்டுவதில்லைதான்;
ஆடியில் பறவைகளும் இல்லை.)

மண்டபம் மண்டபமாக நின்று
"மாமா, கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சிய வாய்க்கு
ஒரு மாத ஓய்வு.
பூநாரையை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை.

ரிச்சி தெருவில் நைனா முகம்மது விற்ற
பழைய நானூறு எம்.எம். லென்ஸ்.
உள்ளே ஓரமாகப் பூஞ்சை,
கால்வாசி சிலந்தி வலை போல.
"கடலோர ஊரு சார், லென்ஸுக்கும் சளி பிடிக்கும்"
என்றவர் ஆயிரம் குறைத்துக்கொண்டார்.
அன்றிலிருந்து
புதுச் செருப்பு வாங்கிய வீடுகளிலெல்லாம்
பெட்டிக்குள் கிடக்கும் அந்தச் சின்னப் பொட்டலத்தைக்
கேட்டு வாங்கி வருகிறேன்.
சாப்பிடக் கூடாது என்று மேலே அச்சடித்திருக்கும்.
என் லென்ஸ் அதைத்தான் சாப்பிட்டு உயிர் வாழ்கிறது.

ட்ரைபாடின் மூன்றாவது காலுக்கு சைக்கிள் ட்யூப் கட்டு.
மகளின் பள்ளிப் பாவாடையைத் தைத்து
ரேஷன் அரிசி நிரப்பிய மூட்டைதான்
லென்ஸுக்குத் தலையணை.

ஐந்தே முக்கால். பள்ளிக்கரணை.
குப்பைமேட்டின் புகையா பனியா என்று
மூக்குதான் சொல்ல வேண்டும்.
ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டிடங்களைத் தாண்டி
சூரியன் இங்கே வந்துசேர
இன்னும் அரைமணி.
தண்ணீரில் நாலு பூநாரை,
எட்டுக் கால், எட்டு நிழல்கால்.

கல்யாணத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு.
தாலி ஏறும் நொடியில் எல்லாரும் தாலியைப் பார்க்க
நான் பெண்ணின் தம்பியைத் தேடுவேன்.
தூணுக்குப் பின்னால் அங்கேதான்
கதை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும்.
அன்று காலை அது மறந்துபோனது.
இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு.
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை அமுக்கினேன்.

வீட்டில், கணினியில்,
ஒரு படத்தில் பறவைகள் கலங்கலாக இருந்தன.
கிழட்டு லென்ஸ் அவற்றை விட்டுத் தாண்டிப் போய்
குப்பைமேட்டுச் சரிவில் பிடித்து நின்றிருந்தது.
கவிழ்த்த ட்ரம்மின்மேல் ஒரு பெண்,
மாநகராட்சிப் பச்சைக் கோட்டு,
மடியில் திறந்த தூக்குச்சட்டி.
கண் இரண்டும்
என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன.
எவ்வளவு நேரமாகவோ.

பெரிதாக ஒரு பிரதி போட்டு எடுத்துப் போனேன்.
மூன்று நாள் விசாரித்ததில் பெயர் கிடைத்தது,
பூங்காவனம்.
கையுறையைக் கழற்றி
ஓரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன எங்க நீ எடுத்த?
பட்சிய எடுத்த. நான் மாட்டிக்கினேன்."

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் பார்த்து முடித்திருக்கவில்லை.

"நாலுன்னியே, அஞ்சு கீது பாரு.
அந்தக் கோரைக்குப் பின்னால.
அதுக்குக் கால்ல எதோ அடி, தண்ணிக்கு வராது.
நான் தினமும் பாக்கறேன்."

கலங்கல் நடுவே
ஒரு கலங்கல். ஆமாம்.

டீ வாங்கித் தந்தது அவர்தான்.
படத்தை லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே
டிரைவர் செருகிக்கொண்டார்,
வெயில் மறைக்க உதவும் என்று.

தை பிறந்தது. நங்கநல்லூரில் முதல் முகூர்த்தம்.
வழக்கமாக லென்ஸை அகலத் திறந்து
பின்னால் இருப்பதையெல்லாம் பாலாடையாகக் கரைத்துவிடுவேன்.
கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும்.
இந்த முறை விரல் தானாக வளையத்தைத் திருகி
எட்டில் நிறுத்தியது.

ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அப்பா
பதினேழாம் பக்கத்தில் நிறுத்தினார்.
"எல்லாம் நல்லா இருக்கு தம்பி.
பின்னாடி, அண்டா பக்கத்துல,
நம்மளையே பாக்குதே இந்தம்மா, யாரு?"

தெரியாது, விசாரிக்கிறேன் என்றேன்.